கப்பலேற்றம்: மலாயாத் தோட்டத் தமிழரின் தொழிற்சங்க இயக்கமும் நாடுகடத்தற் சட்டமும் (1937–1952)

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கடல்கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் கூலி உயர்வும் மனித மதிப்பும் வேண்டிச் சங்கம் அமைத்தபோது, குடியேற்ற அரசுகள் அவர்களை எதிர்கொண்ட முதன்மையான வழிகளுள் ஒன்று நாடுகடத்தல். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை மையமாகக் கொண்டு, நாடுகடத்தற் சட்டம் செயற்பட்ட முறையையும், ‘பொதுவுடைமை’ என்ற ஐயம் அதில் வகித்த இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. இலங்கையின் பிரேஸ்கேர்டில் வழக்கு (1937), மலாயாவின் சாம்பசிவம் வழக்கு (1950) ஆகியன ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா சென்னை மாகாண முதல்வராக இருந்த காலத்தில், திருப்பி அனுப்பப்பட்டோரை ஏற்க வேண்டிய தாயகத்தின் நிலை எவ்வாறிருந்தது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாடுகடத்தல், மலாயாத் தமிழர், கிள்ளான் வேலைநிறுத்தம், தொழிற்சங்கம், அவசரநிலை, இராமநாதபுரம் மாவட்டம்.

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், இராஜபாளையம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரி நிலத்தையும் நம்பிய இவ்விரு மாவட்டங்களும் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளுக்குத் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் அடங்கும். சென்றவர்களின் வரலாறு பெரும்பாலும் செல்கையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கங்காணி, முன்பணம், கப்பல், லயம், பால்மரம் என்ற வரிசை தமிழ் வாசகர் அறிந்ததே. திரும்பி வந்தோரின் வரலாறு, அதிலும் அனுப்பிவைக்கப்பட்டோரின் வரலாறு, அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

திரும்புதல் மூவகைப்படும். ஒன்று, பொருளீட்டியோ உடல்நலம் குன்றியோ தாமே மீள்வது. இரண்டு, வேலையற்ற காலத்தில் அரசும் முதலாளியும் சேர்ந்து அனுப்பிவைப்பது. மூன்று, ஆட்சிக்கு ஆகாதவர் எனக் கருதி வெளியேற்றுவது. மூன்றாம் வகையே இக்கட்டுரையின் பொருள். எனினும் இரண்டாம் வகையை விளங்கிக்கொள்ளாமல் மூன்றாம் வகையை விளங்கிக்கொள்ள இயலாது. இரண்டிற்கும் கப்பல் ஒன்றே, துறைமுகம் ஒன்றே. ‘தாயகத்திற்கு அனுப்புதல்’ என்ற சொல்லாட்சியும் பெரிதும் ஒன்றே.

அனுப்பும் பொறியமைப்பு

மலாயாவிற்குத் தொழிலாளரைக் கொண்டுவரும் செலவை முதலாளிகளிடையே பங்கிடுவதற்காக 1907இல் குடிவரவு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்டமுதலாளிகள் செலுத்திய வரியால் இந்நிதி இயங்கியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் கூடிய தொழிலாளர் கப்பல் வழியாகப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களைச் சென்றடைந்தனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் இவ்வழித்தடத்தின் அடையாளமாகவே தமிழர் நினைவில் நிலைத்தது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தம் 1930இல் ரப்பர் விலையை வீழ்த்தியபோது, கொண்டுவந்த அதே அமைப்பு எதிர்த்திசையில் இயங்கத் தொடங்கியது. பல்லாயிரம் தொழிலாளர் நிதியின் செலவிலேயே தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் திரட்டப்பட்டது. இதனால் ஒரு கருத்து நிலைபெற்றது: தோட்டத் தமிழர் மலாயாவில் வாழும் மக்கள் அல்லர், தேவைக்கு வரவழைத்துத் தேவை தீர்ந்தபின் அனுப்பத்தக்க உழைப்பு. தமிழகத்துக் கிராமம் அவ்வுழைப்பைச் சேமித்துவைக்கும் கிடங்காகக் கருதப்பட்டது. வேலையின்மைக் காலத்தில் அவர்களைப் பராமரிக்கும் சுமை தோட்டத்தின்மேல் விழாமல் ஊரின்மேல் விழுந்தது.

அரசியல் நாடுகடத்தல் இவ்வமைப்பின் மேல் எளிதாக அமர்ந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1888 முதலும், கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1910 முதலும் நாடுகடத்தற் சட்டங்கள் இருந்தன. சீனர்களின் இரகசியச் சங்கங்களை அடக்குவது அவற்றின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. பின்னர் வேலைநிறுத்தத் தலைவர்களும் அவற்றின் வரம்பிற்குள் வந்தனர். இச்சட்டங்களின் தனித்தன்மை, ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இல்லாமல் நிர்வாகத்திடம் இருந்தமையாகும். குற்றச்சாட்டை வெளிப்படையாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்த வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பேரரசின் குடியாகிய இந்தியர், மலாய் மாநிலத்தில் அம்மாநில ஆட்சியாளரின் இயற்பிறப்புக் குடி அல்லர் என்ற காரணத்தால் அயலாராகக் கொள்ளப்பட்டனர். வரிசெலுத்தவும் உழைக்கவும் பேரரசின் குடி. உரிமை கேட்கையில் அயலார் என்ற இரட்டை நிலை இவ்வாறு உருவாயிற்று.

1937ஆம் ஆண்டு மார்ச்சில் சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர் சுரங்கத்தையே தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து வேலைநிறுத்தம் செய்தபோது காவல்படை அதனை முறியடித்தது, முன்னின்றோர் நாடுகடத்தப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே சிலாங்கூரில் தமிழர் எழுந்தபோது அரசின் கையில் இவ்வழி ஆயத்தமாக இருந்தது.

இவ்வழி மலாயாவிற்கு மட்டும் உரியதன்று. பாரசீகத்தின் அபதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைசெய்த இந்தியத் தொழிலாளர் 1920இல் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். 1922இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது ஆங்கிலோ–பாரசீக எண்ணெய்க் கம்பெனி அவர்களுள் பெருந்தொகையினரைக் கப்பலேற்றி இந்தியாவிற்கு அனுப்பியது. ரப்பராயினும் எண்ணெயாயினும், ஏற்றுமதிப் பொருளை நம்பிய தொழிலும் குடியுரிமையற்ற தொழிலாளரும் சேருமிடத்தில் இதே வடிவம் தோன்றுவதைக் காணலாம்.

கிள்ளான், 1941

1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவிற்கான உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. தோட்டமுதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்ததே உடனடிக் காரணம். இத்தடை எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. புதிய ஆள் வரவு நின்றமையால் ஏற்கெனவே இருந்த தொழிலாளரின் பேரம்பேசும் வலிமை உயர்ந்தது. போர் காரணமாக ரப்பரின் தேவையும் பெருகியது. ஆனால் கூலி அதற்கேற்ப உயரவில்லை. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளர் தமிழரைவிட மிகுதியாகப் பெற்றனர்.

இச்சூழலில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டந்தோறும் தொழிலாளரை ஒருங்கிணைத்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். அவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர். அரசின் கண்ணில் அவர் ஆபத்தானவராகத் தோன்றியமைக்கு இப்பணியும் காரணமாகலாம். தோட்டத்திற்குள் நுழையும் செய்தித்தாள் ஒரு லயத்தின் குறையை மற்றொரு லயத்திற்கு அறிவித்தது. தனித்தனித் தோட்டங்களாகப் பிரிந்து கிடந்த மனக்குறை மாவட்டக் கோரிக்கையாக மாறுவதற்கு அச்செழுத்து வழி திறந்தது.

சங்கத்தின் பெயரால் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. சீனருக்கு இணையான கூலி, பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல், முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், கொடுமை செய்யும் கிராணிகளையும் கங்காணிகளையும் அகற்றித் தமிழ் பேசும் பணியாளரை அமர்த்தல், பெண்கள்மீதான மேலதிகாரிகளின் அத்துமீறலைத் தடுத்தல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்துசெல்ல உரிமை, பேச்சுரிமை, கூடும் உரிமை, குறை சொல்பவரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை என்பன அவற்றுள் அடங்கும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

இவற்றை மூன்றாகப் பகுக்கலாம். கூலியும் நேரமும் பற்றியவை பொருளியற் கோரிக்கைகள். பள்ளி, மருத்துவமனை, கள்ளுக்கடை பற்றியவை சமூகச் சீர்திருத்தக் கோரிக்கைகள். மிதிவண்டி, பெண்கள் பாதுகாப்பு, உறவினர் வருகை பற்றியவை மதிப்புக் கோரிக்கைகள். உற்பத்திச் சாதனங்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்றோ ஆட்சியைக் கைப்பற்ற வேண்டும் என்றோ ஒரு கோரிக்கையும் இல்லை. தொழிலாளர் பலர் காந்தி குல்லாய் அணிந்தமையும் கள்ளுக்கடை மறியலும் இவ்வியக்கத்தின் உணர்வுநிலை இந்தியத் தேசிய இயக்கத்தோடும் தமிழகச் சீர்திருத்த இயக்கங்களோடும் நெருக்கமாக இருந்ததைக் காட்டுகின்றன. கள்ளுக்கடை மூடல் கோரிக்கையே போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்ற வடிவில் மீண்டும் எழுந்தது.

தோட்டமுதலாளிகள் ஓரளவு கூலி உயர்வு அளித்தனர். மதிப்புக் கோரிக்கைகளுக்கு விடை கிடைக்கவில்லை. 1941 மே 5ஆம் நாள் நாதன் கைதுசெய்யப்பட்டார். கூலி உயர்வினால் தணிந்திருந்த கிளர்ச்சி அவர் கைதினால் மீண்டும் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படைப்பிரிவினரே தமிழ்த் தொழிலாளரை அடக்க அனுப்பப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். சில நூறு பேர் கைதாயினர். நாதன் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். கைதானோருள் வேறு பலரும் நாடுகடத்தப்பட்டனர். சிலர் ‘விருப்பத்தின்பேரில்’ தாயகம் திரும்ப இசைந்தனர். எஞ்சியோர் பழைய தோட்டங்களுக்குத் திரும்பலாகாது என்ற கட்டுப்பாட்டுடன் விடுவிக்கப்பட்டனர்.

இந்த மூன்றாம் ஏற்பாட்டையும் நாடுகடத்தலின் சிறுவடிவமாகவே கொள்ள வேண்டும். ஒருவர் தம் தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்திற்குப் பெயர்க்கப்படும்போது அவருடன் பேசிப் பழகிய சங்கத் தொடர்பு அறுகிறது. நாட்டைவிட்டுப் பெயர்ப்பதும் தோட்டத்தைவிட்டுப் பெயர்ப்பதும் அளவில் வேறுபடினும் நோக்கத்தில் ஒன்றே. நாடுகடத்தல் ஒரு மனிதரைத் தண்டிப்பதோடு அமையாது. அவர் கட்டிய அமைப்பின் நினைவையும் கலைக்கிறது. அடுத்து வருபவர் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

அடுத்த ஏழு மாதங்களில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். தோட்டங்களில் எஞ்சிய தமிழருள் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். கிள்ளானில் கேட்கப்பட்ட மருத்துவமனையும் சங்க உரிமையும் கிடைக்காமலே அத்தலைமுறையினர் பலர் மறைந்தனர்.

‘பொதுவுடைமையர்’ என்னும் பெயர்

1940–41இல் மலாயாப் பொதுவுடைமைக் கட்சி சீனத் தொழிலாளரிடையே வேலைநிறுத்தங்களை நடத்திவந்தது. அதனால் எந்த வேலைநிறுத்தத்திலும் அதன் கையைத் தேடுவது அதிகாரிகளின் வழக்கமாயிற்று. இங்கு இருவேறு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கிள்ளான் இயக்கத்தின் தலைமை பெரிதும் தேசியச் சார்புடையது. போருக்குப் பிந்தைய மலாயாத் தொழிற்சங்கங்களிலோ பொதுவுடைமையரின் செல்வாக்கு உண்மையாகவே வலுவாக இருந்தது. தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்ற எஸ்.ஏ. கணபதி, அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர்; இடதுசாரி. எனவே ‘எல்லா ஐயமும் பொய்’ என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆனால் ஐயம் உண்மையாயினும் பொய்யாயினும் அது செய்த வேலை ஒன்றே. கோரிக்கைக்கு அளிக்க வேண்டிய விடையின் இடத்தில் கோரியவரின் அடையாளம் பற்றிய தீர்ப்பு அமர்த்தப்பட்டது. மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, கேட்பவர் யாருடைய ஆள் என்பது விடையாகாது. கேட்பவர் காந்தியவாதியாயினும் பொதுவுடைமையராயினும் அக்கேள்வி அப்படியே நிற்கிறது.

1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்பாளர் அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உடையவராதல் வேண்டும், ஒத்த தொழிற்சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாதல் வேண்டும் என்னும் விதிகள் புகுந்தன. அதன் விளைவாக அனைத்து மலாயாச் சம்மேளனம் சட்டத்தகுதியை இழந்தது. அம்மாதமே சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அவசரநிலை விதிகள், தடுப்புக்காவலில் உள்ளவரை அவரைச் சார்ந்த குடும்பத்துடன் வெளியேற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தன. கூட்டரசுக் குடியுரிமை பெற்றோரும் மலாயாவில் பிறந்த பிரிட்டிஷ் குடிகளும் இதிலிருந்து விலக்குப் பெற்றனர். வெளியேற்றப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் சீனர். இந்தியரும் அவர்களுள் இருந்தனர்.

சங்கத் தலைவர்களின் முடிவுகளை அருகருகே வைத்து நோக்கினால் பிறப்பிடமும் காலமும் எவ்வாறு செயற்பட்டன என்பது விளங்கும். 1941இல் நாதன் கப்பலேற்றப்பட்டார். பேராக்கில் தொழிலாளரைத் திரட்டிய மலாயாவில் பிறந்த ஆர்.ஜி. பாலன் 1948இல் கைதாகிப் பத்தாண்டுக்கு மேல் காவலில் இருந்தார். கணபதி 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதாகி, அம்மாதமே மரணதண்டனை விதிக்கப்பெற்று, மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அதற்கு முந்திய நாள் அவர்தம் தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

நீதிமன்றம் திறந்தபோது

நாடுகடத்தலின் இயல்பை உணர, நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்த இரு வழக்குகளை ஒப்பிடலாம்.

முதலாவது இலங்கையைச் சார்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டப் பயிற்சியாளராக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தமிழ்த் தொழிலாளரின் நிலைகண்டு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்ட முதலாளிகளை எதிர்த்துப் பேசினார். ஆளுநர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் அவரை 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்டார். அவ்வாணைக்கு அடிப்படை 1896ஆம் ஆண்டின் அரசவைக் கட்டளை. பிரேஸ்கேர்டில் தலைமறைவாகி, மே 5இல் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் முன் தோன்றினார். கைதுக்குப்பின் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு வழக்கில், அமைதிக்காலத்தில் ஆளுநருக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் விடுதலையானார்.

இரண்டாவது, ஜொகூரில் துப்பாக்கி வைத்திருந்ததாக மரணதண்டனை விதிக்கப்பெற்ற சாம்பசிவத்தின் வழக்கு. தோட்டாக்கள் வைத்திருந்த குற்றத்திலிருந்து முதல் விசாரணையிலேயே அவர் விடுவிக்கப்பட்டிருந்தார். துப்பாக்கிக் குற்றத்திற்கான மறுவிசாரணையில், இரண்டையும் வைத்திருந்ததாகக் கூறும் வாக்குமூலம் அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. ஒரு குற்றத்தில் கிடைத்த விடுதலை முழுமையானது. அதனைப் பின்னர் ஐயத்திற்குரியதாக்கலாகாது என்னும் அடிப்படையில் 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. இத்தீர்ப்பு பொதுச்சட்ட நாடுகளில் இன்றும் முன்னெடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விரண்டிலும் அரசு தன் அதிகாரத்தையும் சான்றையும் பொதுமன்றில் வைக்க நேர்ந்தது. வைத்தபோது அவை நிற்கவில்லை. நீதிமன்றம் ஒன்றே போதுமானது என்பது இதன் பொருளன்று. கணபதிக்கும் விசாரணை நடந்தது. அவசரநிலை விதியின் கடுமையும் விரைவும் அவ்விசாரணைக்கு உரிய இடத்தைச் சுருக்கிவிட்டன. கிள்ளானில் கப்பலேற்றப்பட்ட சாதாரணத் தொழிலாளருக்கோ அந்தச் சுருங்கிய இடமும் இல்லை. அவர்கள்மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் அது ஐயமாகவே அவர்களைத் தொடர இடமிருந்தது. தமிழ்த் தொழிலாளருக்காகப் பேசிய வெள்ளையருக்கு ஆட்கொணர்வு மனு கிட்டியது. தமக்காகத் தாமே பேசிய தமிழ்த் தொழிலாளருக்குப் பயணச்சீட்டே கிட்டியது.

தாயகம் என்னும் மறுகரை

திருப்பி அனுப்பப்பட்டோர் வந்திறங்கிய சென்னை மாகாணத்தின் நிலையையும் நோக்க வேண்டும். கணபதி தூக்கிலிடப்படுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன், 1949 ஏப்ரலில், இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா மாகாண முதல்வராகப் பொறுப்பேற்றார். காந்தியவாதி, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தவர். அவருடைய ஆட்சிக்காலத்திலேயே மாகாணத்தில் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிறைப்பட்டிருந்த பொதுவுடைமையர் 22 பேர் உயிரிழந்தனர்.

தஞ்சை மாவட்டத்து வாட்டாக்குடி இரணியனின் வாழ்வு இக்காலத்தின் இருகரைகளையும் இணைக்கிறது. இளமையில் கடல்கடந்து சென்று, இந்தியத் தேசிய இராணுவத்திலும் தொழிலாளர் இயக்கத்திலும் ஈடுபட்டு, ஊர் திரும்பி விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார். தடைக்காலத்தில் தலைமறைவாக வாழ்ந்த அவர் 1950 மே மாதம் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே நாட்களில் சாம்பவானோடை சிவராமனும் சுடப்பட்டார். மலாயாவின் மே 1949உம் தஞ்சையின் மே 1950உம் ஓராண்டு இடைவெளியில் அமைந்தவை. குடியேற்ற அரசும் விடுதலைபெற்ற நாட்டின் மாகாண அரசும் ஒரே வகை மனிதரை ஒரே வகை ஐயத்துடன் நோக்கின.

எனினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. விடுதலை பெற்ற நாட்டில் எழுதப்பட்ட அரசமைப்பு 1950 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்திற்குள் வரக்கூடாதெனப் பிறப்பிக்கப்பட்ட ஆணையை 1950 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீக்கியது. மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டவிரோத அமைப்பென அறிவித்த நடவடிக்கையை 1952இல் வி.ஜி. ராவ் வழக்கில் நீக்கியது. கருத்துரிமைக்கும் சங்க உரிமைக்கும் இந்தியாவில் அடித்தளமிட்ட இவ்விரு தீர்ப்புகளும் குமாரசுவாமி ராஜா அமைச்சரவைக் காலத்து ஆணைகளிலிருந்து பிறந்தவை. 1952 பொதுத்தேர்தலில் முதல்வர் தம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோல்வியுற்றார். ஆணையிடும் அதிகாரத்திற்கு மேல் நீதிமன்றமும் வாக்குப்பெட்டியும் இருந்தன. கிள்ளான் தொழிலாளருக்கு இவ்விரண்டும் இல்லை.

ஊரும் நாடும்

‘நாடுகடத்தல்’ என்னும் தமிழ்த் தொடரின் அமைப்பும் இப்பொருளை விளக்க உதவும். ‘கடத்து’ என்பது ‘கட’ என்னும் வினையின் பிறவினை. நாட்டைக் கடக்கச் செய்தல் என்பது பொருள். தன் நாட்டில் ஒருவர் வாழக்கூடாதென வெளியேற்றுவதே மரபு வழிப்பட்ட கருத்து. மலாயாவில் நடந்ததோ, அலுவல் மொழியில், ஒருவரை அவருடைய நாட்டிற்கே அனுப்புதல். எனவே அது தண்டனை போலத் தோன்றாமல் திரும்புதல் போலத் தோன்றியது. ‘விருப்பத்தின்பேரில் தாயகம் திரும்புதல்’ என்ற அலுவற்சொல் இத்தோற்றத்தை முழுமையாக்கியது. சிறைக்கும் கப்பலுக்கும் இடையே கப்பலைத் தேர்ந்தெடுப்பது எந்த அளவிற்கு விருப்பம் என்பதை அச்சொல் கேட்பதில்லை.

தமிழ் ‘ஊர்’, ‘நாடு’ என்னும் இரு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்குத் தமிழகக் கிராமம் ஊராக இருந்தது. பிள்ளைகள் பிறந்து, கோயில் எழுப்பி, பெற்றோரை அடக்கம் செய்த தோட்டமும் நாளடைவில் ஊராயிற்று. சட்டம் நாட்டை மட்டுமே அறிந்தது. இரண்டாவது ஊரை இழந்தமை சட்டத்தின் கணக்கில் இழப்பாகப் பதிவாகவில்லை. முதல் ஊரிலும் அவருக்கு நிலமோ தொழிலோ காத்திருக்கவில்லை. அவை இருந்திருந்தால் அவர் கப்பலேறியே இருக்கமாட்டார்.

மலாயாத் தமிழர் வாழ்வைத் தமிழிலக்கியம் பேசாமல் இல்லை. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகியன போர்க்காலத் தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்டவை. நாதன் பணியாற்றிய ‘தமிழ் நேசன்’ இதழிலேயே 1950களில் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கு. அழகிரிசாமி ஆசிரியப் பணியாற்றி மலாயாத் தமிழ் எழுத்தாளரை வளர்த்தார். செல்கையையும் போரையும் இலக்கியம் ஏந்திய அளவிற்குக் கப்பலேற்றத்தை ஏந்தவில்லை. அனுப்பப்பட்டவர் ஊரில் பேசாதிருக்கக் காரணம் உண்டு. ‘பொதுவுடைமையர்’ என்ற பெயர் 1949க்குப் பின் ஊரிலும் ஆபத்தான பெயராக இருந்தது. மௌனம் இங்கு மறதியன்று, தற்காப்பு.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பெறப்படுவன: பொருளியல் நோக்கில் தொழிலாளரைத் திருப்பி அனுப்பிய அமைப்பே அரசியல் நாடுகடத்தலுக்கும் வழியமைத்தது. கிள்ளான் கோரிக்கைகள் கூலியும் நலமும் மதிப்பும் சார்ந்தவை. அவற்றுக்கு விடையளிப்பதற்கு மாறாகக் கோரியவர் வெளியேற்றப்பட்டார். ‘பொதுவுடைமை’ என்னும் ஐயம் சிலரிடத்து உண்மையாயினும், கோரிக்கையின் நியாயத்தை அது மாற்றவில்லை. நிர்வாக ஆணை நீதிமன்றத்தின் முன் வந்த இடங்களில் அது நிலைக்கத் தவறியதுண்டு. வராத இடங்களில் குற்றச்சாட்டு என்றும் தீராத ஐயமாக எஞ்சியது. தாயகமும் திரும்பியவரை ஐயத்துடனே நோக்கியது. ஆயினும் அங்கு அரசமைப்பு ஒரு காப்பாக அமைந்தது.

இன்று வளைகுடா நாடுகளின் எண்ணெய், கட்டுமானத் தொழில்களில் தமிழகத் தொழிலாளர் பெருந்தொகையினர் பணிபுரிகின்றனர். சவுதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் புலம்பெயர் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை பெறவில்லை. அமீரகத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் நாடுகடத்தப்பட்டதும் உண்டு. பயணம் கப்பலிலிருந்து விமானத்திற்கு மாறியுள்ளது. வதிவிட உரிமை வேலையளிப்பவரின் கையில் இருக்கும் நிலை மாறவில்லை. கூலிக்குறை சொன்ன ஒருவர் நாடு திரும்பியதும் ஊரில் ‘வேலை முடிந்து வந்துவிட்டார்’ என்று மட்டுமே பதிவாகிறார். இராமநாதபுரம், விருதுநகர், தஞ்சை மாவட்டக் கிராமங்களில் திரும்பியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும்போது, எப்போது சென்றார் என்பதோடு ஏன் திரும்பினார் என்ற வினாவும் கேட்கப்பெறுதல் வேண்டும். அவ்வினாவிற்கான விடைகள் சேருமளவிற்கே தமிழரின் புலம்பெயர்வு வரலாறு முழுமை பெறும்.